ஒரு எஃப் குறைவு

முதலில் நகத்தால் பார்ப்பேன். கண் பிறகு.
பக்கவாட்டில் ஓடும் தையல்
வாய்விளிம்பு வரை ஏறியிருந்தால் இயந்திரப் பிள்ளை,
கஸ்தூரியார் வீதியில் கிலோக் கணக்கில் வாங்கலாம்.
கழுத்தடியில் தையல் நின்றுபோனால்
யாரோ ஒருவன் வாயைத் தனியே ஒட்டியிருக்கிறான்,
சுடச்சுட, கையால்.

பிறகு குமிழி. பிறகு அடி.
பிறகு வெயிலுக்குப் பிடித்து நிறம்.
வெளிர்பச்சை என்றால் பேசலாம்.
கடும்நீலம் என்றால் வாயே திறக்கக்கூடாது,
குரலில் விலை தெரிந்துவிடும்.

கிணறு இறைத்தவர்களும் அத்திவாரம் வெட்டியவர்களும்
சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள்.
எல்லோருடைய போத்தலும் ஒல்லாந்தர் காலம்.
பழசு வேறு, அரிது வேறு என்பேன்.
இந்த இருமல் மருந்துப் போத்தலுக்கு நூறு வயது, சரி.
இதன் கூடப்பிறந்தது ஆயிரம் மண்ணுக்குள் கிடக்கிறது.
ஊரே இருமியிருக்கிறது.

கொரற்றி கொண்டுவந்தது ஒன்றே ஒன்று,
ஈரம் காயாத துவாயில் சுற்றி.
கழுத்தில் குண்டு அடைபட்ட சோடாப் போத்தல்.
ஆட்டினேன். கலகலத்தது.
இந்த இனம் முழுசாய்க் கிடைக்காது.
போளை விளையாடக் குண்டு வேணும் என்று
பிள்ளைகள் விட்டுவைப்பதில்லை.
புடைத்த எழுத்தைத் தடவிக்கொண்டு போனேன்,
கொம்பனிப் பெயர், கீழே ஊர்ப்பெயர்.
விரல் ஓரிடத்தில் இடறியது.
இங்கிலீசு யாழ்ப்பாணத்துக்கு இரண்டு எஃப்.
இதில் ஒன்று.

"வாயில் சின்னச் சிதறல் இருக்கு," என்றேன். "இரண்டாயிரம்."

அவ துவாயை மடித்தா.
"சைக்கிளை எடுங்கோ. எங்கட மதிலை ஒருக்காப் பாருங்கோ."

கொழும்புத்துறை. கடல்பக்கக் காற்று.
மதில் நெடுக, சீமெந்தில் குத்திய கண்ணாடி.
அடிகள், தோள்கள், பாதி எழுத்துகள்.
முதலாளியின் தகப்பன் காலத்தில் கப்பலில் வந்து
எழுத்துப் பிழை என்று கிட்டங்கியில் கிடந்த பெட்டிகளாம்.
பாக்கிச் சம்பளத்துக்குப் பதில்
கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.
கணக்குப்பிள்ளை கள்ளருக்குப் பயந்த மனுசன்.
இரண்டு ஞாயிறு, பூசை முடிய, உட்கார்ந்து உடைத்தாராம்.
"குண்டெல்லாம் எனக்கும் தம்பிக்கும்," என்றா கொரற்றி.
"ஒழுங்கையில எங்களை வெல்ல ஆளில்லை."

அடிகளை மட்டும் எண்ணிக்கொண்டு நடந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
நடுவில் ஷெல் விழுந்து திரும்பக் கட்டிய பதினோரு அடி
மொட்டையாய் இருந்தது.
அங்கே எத்தனை என்று இனி யாராலும் சொல்லமுடியாது.

"இதை மட்டும் ஏன் உடைக்கேல்லை?"
"மறந்துபோனம். கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடந்தது."

பிறகுதான் விலை பேசினா.
"உதை அரிதாக்கினது ஆர்? நாங்கள்.
நூற்றுச் சொச்சத்தை உடைச்சு. கை வெட்டுப்பட்டு.
அந்தக் கூலியையும் போடுங்கோ."

முப்பது வருடத்தில்
இந்தக் கணக்கை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.
உடைந்ததுக்கு விலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒரு அணில் கண்ணாடிகளுக்கு இடையால்
கால் நனையாத மாதிரி ஓடிப்போனது.
அதன் பின்னால், வெயிலில்,
தனியே ஒரு எஃப்.

படலையில் சாய்ந்துகொண்டு பற்றுச்சீட்டு எழுதினேன்.
சோடாப் போத்தல், ஒன்று, நாற்பதாயிரம்.
அடுத்த வரியில், உடைத்த கூலி.
தொகை எழுதமுன் பேனை நின்றுவிட்டது.
உதறினேன்.
அவ பார்த்துக்கொண்டு நின்றா.