இயற்றியவர் என்ற கட்டம்

ப்ரெமனில் கச்சேரி முடிந்த இரவு
ஒரு படிவம் கொடுத்தார்கள்.
உருப்படியின் பெயர். நீளம். இயற்றியவர்.
வேனின் உள்விளக்கில், முழங்காலில் வைத்து
நிரப்பத் தொடங்கினேன்.
ஒலி பார்ப்பது என் வேலை,
கையெழுத்து தேவலாம் என்பதால்
காகிதம் பார்ப்பதும்.

முதல் இரண்டு பகுதிகளில் சிக்கலில்லை.
டோனிகலில், ஃபியாக்ராவின் மீன்துறையில்
எல்லோருக்கும் கைவந்த ஜிக் அது.
படகுத்துறைக் கயிறு மாதிரி,
வேண்டியவர் அவிழ்க்கலாம், வேண்டியவர் கட்டலாம்.

மூன்றாம் பகுதி சிஹோவுடையது.
ஒசாகாக்காரி, பிடில்.
டாலினில் ஒரு சலவைக்கடையில்
எங்கள் ஏழு நாள் அழுக்கு
வெந்நீர் கண்டு, உலர்ந்து, சுழன்றபோது
ரெமியின் சட்டைப் பித்தான் ஒன்று
உருளையின் தகரத்தைத் தட்டியது:
இரண்டு தட்டு, ஒரு விடுபடல்,
பிறகு நினைத்துக்கொண்டாற்போல் ஒரு தட்டு.
பெட்டியைத் திறந்தாள்.
துணி காய்வதற்குள் எட்டு ஆவர்த்தனம்.
ஊர்மாஸ் அந்தப் பித்தானைக் கைப்பேசியில் பிடித்துப்போய்
மடிக்கணினியில் வெட்டி, கீழே கீழே இறக்கி
அரங்கின் தரை அதிரும் அடியாக்கினான்.

"சிஹோ என்று எழுது" என்றான் ரெமி.
"பித்தான் உபயம் நான். அதையும்."
ஃபியாக்ரா குழலின் சீவாளியைத் துணியில் சுற்றிக்கொண்டே
"பெயர் போட்டால் அது அங்கேயே நின்றுபோகும்" என்றான்.
அப்போதுதான் பின்னிருக்கையிலிருந்து:
"உனக்கென்ன, சொல்வாய்.
இதை எங்கே பிடித்தாய் என்று
உன்னை எந்த ஊரிலாவது கேட்டார்களா?"
அதன்பின் ஆம்ஸ்டர்டாம் வரை
வைப்பர் மட்டும்தான் பேசியது.
கட்டம் காலியாகவே கிடந்தது
நிறுத்தக் கட்டண ரசீதுகளுக்கு நடுவே.

மார்ச்சில் என்னிஸ்.
எங்களுக்கு அன்று வேலையில்லை.
மதுக்கடையின் பின்மூலையில் ஆறு பேர் வட்டமாய்.
பாஞ்சோக்காரர் பேருந்து ஓட்டுநர்,
சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
முதல் பகுதி போனது. இரண்டாவது போனது.
குடித்துக்கொண்டிருந்தோம்.
நிற்காமல்
மூன்றாவது.

விடுபடல் உட்பட.
நினைத்துக்கொண்டாற்போல் வரும் தட்டு உட்பட,
அதை அவர் பூட்ஸ் குதிகால் போட்டது.

"இது எங்கே கிடைத்தது?" சிஹோதான் கேட்டாள்.
"கில்ரஷ்ஷில் ஒருத்தர் வாசிப்பார். பழசும்மா.
ரொம்பப் பழசு."
பிடிலை எடுத்து உட்கார்ந்தாள். இடம் விட்டார்கள்.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
ஓட்டுநர் கையை நிறுத்தினார்.
"நல்லா வாசிக்கிற. ஆனா
கடைசிக்கு முந்தின சுரம் இறங்கணும்.
நீ ஏத்துற."

ரெமி வாயைத் திறந்தான்,
மேசைக்கடியில் அவள் பாதம் அவன் பாதத்தில் இறங்கியது.
ஃபியாக்ரா தன் கோப்பைக்குள் எதையோ தேடினான்.
நூறு இரவுகள் அந்தச் சுரம் ஏறக் கேட்டவன் நான்,
அதற்கென்றே பிடியைக் கொஞ்சம் உயர்த்துபவன்.
அடுத்த சுற்றில்
இறக்கினாள்.

எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள்.
கேட்பதற்குத்தான் சம்பளம், உண்மைதான்.
அன்று கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது,
யாரோ சில்லறையைக் கொட்டினார்கள்,
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

காலையில் படிவத்தைக் கேட்டு வாங்கினாள்.
கட்டத்துக்குள் தன் பெயரை முழுசாக,
முதலில் தன் எழுத்தில், பிறகு அவர்கள் எழுத்தில்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடியாக:
கடைசிக்கு முந்தைய சுரம், பேருந்து ஓட்டுநர், என்னிஸ்.
பெயர் கேட்க மறந்திருந்தோம்.

பதில் வந்தது, ஏழு வாரம் கழித்து:
ஓரத்தில் எழுதியவை
கணக்கில் கொள்ளப்படமாட்டா.
சிஹோ வாசித்துவிட்டு ஊர்மாஸிடம்
அந்தப் பித்தானை அரை நூல் தாமதிக்கச் சொன்னாள்.
இறங்குவதற்கு இடம் வேண்டுமாம்.

ரெமியின் சட்டையில்
அந்த இடத்தில் இன்னமும் ஊக்குதான்.