சாமந்திக்கு இருட்டு

இந்த ஆடியில் நட்டதில்லை.
நாலு வருசக் குத்து.
பூத்து ஓய்ந்ததும் மாசியில்
ஒரு சாண் விட்டு வெட்டிவிடுவேன்.
வேரடியில் பொடிப்பொடியாய்க் கன்று கிளம்பும்.
ஒகேனக்கல் தண்ணி வருகிற அன்று
குடங்களுக்குப் போக மிச்சம் அதற்கு.
கார்த்திகை வரை இலைதான்,
கசக்கினால் விரலில் ஒட்டும் கசப்பு வாசனைதான்.

ராயக்கோட்டையில் இருந்துகொண்டு
சாமந்தியை யாராவது வீட்டில் வளர்ப்பார்களா
என்பார் பசவராஜ்.
தக்காளி மண்டியில் பில் எழுதுகிறவள்
தொட்டியில் தக்காளி வைத்த மாதிரி.
அதுவும் வைத்திருக்கிறேன்,
பின்பக்கம்.

புரட்டாசியில் பஞ்சாயத்து
எங்கள் மதிலை ஒட்டிக் கம்பம் நட்டது.
வெள்ளை விளக்கு.
ஊசியில் நூல் கோக்கலாம் அந்த வெளிச்சத்தில்.
தெருவே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது.

கார்த்திகையில் சுவரின் நிழல் விழும் பாதி
மிளகு மிளகாய் மொட்டு விட்டது.
கம்பத்தின் பக்கம் இருந்த பாதி
உயர்ந்துகொண்டே போனது, இலையும் இலையுமாய்.
புண்ணாக்கு கரைத்து ஊற்றினேன்.
இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடினேன்.
ஒரு நாள் திட்டியும் பார்த்தேன்,
எதிர்வீட்டு லட்சுமிதேவம்மா
யாரை என்று கேட்கும்படி.

மண்டியில் கிரேட் ஏற்றும் சீனப்பாதான் சொன்னான்.
பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் இருந்தவன்.
'அக்கா, ராவு நீண்டுபோச்சுன்னு தெரிஞ்சாத்தான்
அது மொட்டு வைக்கும்.
விலை வர்ற வரைக்கும் பூ வேணாம்னா
அங்க நடுராத்திரி பல்பு போடுவோம்.
உங்களுக்குப் பஞ்சாயத்தே
சும்மா போட்டுக் குடுத்திருக்கு.'
சிரித்துக்கொண்டே போய்விட்டான்.
நான் அன்றைக்கு ரெண்டு பில் தப்பாக எழுதினேன்.

விளக்கை அணைக்கச் சொல்லலாம்தான்.
ஆனால் ஓசூர் கம்பெனி பஸ்
பதினொன்றே காலுக்கு இறக்கிவிடும்
அந்த ரெண்டு பெண்கள்
இப்போதுதான் போனில் பேசாமல்
நிதானமாக நடக்கிறார்கள் இந்தத் தெருவில்.

அதனால் பரண்மேல் இருந்த ஃப்ளெக்ஸ்.
எங்கள் கல்யாணத்துக்கு
அவர் சிநேகிதர்கள் அடித்தது.
'ஒருவழியாய் மாப்பிள்ளை ஆனான்' என்று
தங்க எழுத்தில், நாலு அடிக்கு.
எனக்கு அப்போது நாற்பத்தொன்று.
ஃப்ளெக்ஸில் முப்பது போலக் காட்டியிருந்தார்கள்.
அவருடைய மீசையையும் கறுப்பாக்கி.

நாலு சவுக்குக் கழி நட்டோம்.
மாலை ஆறுக்கு மூட வேண்டும்,
காலை ஆறுக்கு எடுக்க வேண்டும்.
நான் மண்டியிலிருந்து திரும்ப ஏழாகும்.
வளர்ப்பார்களா என்று கேட்டவர்தான்
ஆறு அடிக்கும்போது கயிற்றோடு நின்றார்,
முகங்கள் உள்பக்கம் இருக்கும்படி.
'தெருவில் போகிறவன் பார்த்துச் சிரிப்பான்' என்றார்.
செடி பார்த்தால் பரவாயில்லை போல.

எண்ணவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
இருபத்தாறாம் நாள் நுனி தடித்தது.
ஒரு நாள் மழைக் காற்றில் ஃப்ளெக்ஸ் பறந்துபோய்
வேலியில் கிடந்ததை ராத்திரி ஒரு மணிக்கு
டார்ச்சோடு போய் எடுத்து வந்தோம்.
பிறகுதான் உறைத்தது:
டார்ச்சும் வெளிச்சம்தானே.
அதை அணைத்துவிட்டுத்
தடவித் தடவிக் கட்டினோம்.

பொங்கல் போனது.
சந்தையில் சாமந்தி கேட்பாரில்லை,
கூடையோடு கொட்டிவிட்டுப் போனார்கள்
என்று சீனப்பா சொன்ன வாரம்
எங்கள் மறுபாதி பூத்தது.
மஞ்சள் என்று சொன்னால் போதாது.
வெயிலில் வைத்த நெய்யின் ஓரத்தில்
ஒரு நிறம் இருக்குமே, அது.

பார்க்க வந்த லட்சுமிதேவம்மா
பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
'லேட்டானாலும்...' என்று ஆரம்பித்தாள்.
காபி போடட்டுமா என்றேன்.
லேட் இல்லை அது.
ராத்திரி வரவில்லை, அவ்வளவுதான்.

மாசி.
ஒரு சாண் விட்டு வெட்டியாயிற்று.
ஃப்ளெக்ஸை மடித்துப் பரணில் போடவா என்கிறார்.
அவர் முகம் இருக்கும் மூலையில்
பச்சையாய்ப் பாசி பிடித்திருக்கிறது.
கட்டிலடியிலேயே இருக்கட்டும் என்கிறேன்.
புரட்டாசி வரும்.