நடைக்கூலி

செலவுப் பட்டியலில் முதல் வரி
பிளாஸ்திரி, இரண்டு பெட்டி.
அடுத்தது மெழுகு நுரையீரல், ஒரு ஜோடி,
கோயிம்ப்ராவில் வாங்கியது. ரசீது உண்டு.
செனோர் அபிலியோ பத்திரப் பதிவாளராக இருந்தவர்.
ரசீது இல்லாததைக்
கடவுளும் நம்பமாட்டார் என்பார்.

நேர்ந்துகொண்டது அவர்.
நடப்பது நான்.
கொப்புளம் யார் கணக்கில் என்று
இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

கொனிம்ப்ரிகாவில் ரோமர் வீட்டுத் தரை.
பொடிக்கல் பதித்த மீன்கள்
ராத்திரி மழையில் நனைந்து
நிறம் திரும்பிக் கிடந்தன.
கயிற்றுக்கு இப்பால் நின்று
ஒரு ஆரஞ்சு தின்றேன்.
பட்டியலில் எழுதவில்லை. அது என் ஆரஞ்சு.
தோலைப் போட இடமில்லாமல்
பைக்குள் திணித்தேன்.

பிறகு ஒலிவ மரங்கள், கல்வேலி, ஒலிவ மரங்கள்.
ரபசாலில் பாலாடைக்கட்டி விற்கிறவளின் நாய்
ஊரெல்லை வரை வந்து
என்னை நம்பாமல் நின்றது.
சிற்றாலயம்தோறும் முத்திரை:
அட்டையில் அவர் பெயர்,
ஓரமெல்லாம் என் வியர்வை.

அன்சியாவோ தாண்டி ஒரு சுவர்.
மஞ்சள் அம்பு வடக்கே, சந்தியாகோவுக்கு.
நீல அம்பு தெற்கே, ஃபாத்திமாவுக்கு.
இரண்டும் ஒரே சுண்ணாம்பின்மேல்.
அங்கேதான் தொலைபேசி அடித்தது. மகன்.
"டோனா எர்மீனியா, அப்பா விடிகாலையில் போய்விட்டார்.
நீங்கள் திரும்பிவிடலாம்.
பாதிக் கூலி தந்துவிடுகிறேன்."
நல்ல பையன். குரல் உடைந்திருந்தது,
பாதி என்ற சொல்லில் மட்டும் உடையவில்லை.

சுவரடியில் உட்கார்ந்து சாக்ஸை மாற்றினேன்.
போன வசந்தத்தில் மூச்சு கேட்டார்.
ஒரு வருஷத்து மூச்சு கிடைத்தது.
வாங்கினவர் போனால் கடன் போகுமா?
பத்திரப் பதிவாளரைத்தான் கேட்க வேண்டும்.

நீலத்தின் வழியே நடந்தேன்.

எரிந்துபோன யூகலிப்டஸ் சரிவு,
கரிக்கட்டைகளின் காலடியில் பச்சைத் தளிர்.
தோமாரில் வாளேந்திய துறவிகளின் வட்டக் கோயில்.
குதிரைமேல் இருந்தபடியே பூசை கண்டார்களாம்.
குதிரையின் காலைப் பற்றி
யாரும் எழுதி வைக்கவில்லை.

ஃபாத்திமாவில் முழங்காலால் வருகிறவர்களுக்கு
வழுவழுப்பாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள்.
நான் ஓரமாக, செருப்போடு போனேன்.
நெருப்புத் தொட்டியருகே பையைத் திறந்தால்
வெயிலில் இளகி, இரண்டும் ஒன்றாகி,
யாருடைய எந்த உறுப்பென்று சொல்ல முடியாத கட்டி.
அதில் ஆரஞ்சுத் தோல் ஒட்டியிருந்தது.

பிய்த்துப் பார்த்தேன், வரவில்லை.
அப்படியே போட்டேன்.
புகையில் கிளம்பிய மணத்துக்கு
முழங்காலில் வந்த ஒருத்தி
ஜெபத்தை நிறுத்தி நிமிர்ந்தாள்.

பட்டியலில் கடைசி வரி:
பேருந்துக் கட்டணம், ஒரு வழி.