வெறும் வயிற்று எண்கள்

ஜுபைல் கேம்ப்பில்
விடியுமுன் விரலைக் குத்துகிறேன்:
நூற்று அறுபத்தெட்டு.
நூற்று நாற்பது என்று
கோவில்பட்டியிலிருந்து முந்திக்கொள்கிறாள்
செண்பகவல்லி.
ஒரே மாதத்தில் வந்தது இருவருக்கும் சுகர்.
பதினோரு வருடத்தில்
சேர்ந்து செய்த காரியம்
இது ஒன்றுதான்.

குப்பூஸைக் கிழித்துப் பாதியை
பாவாவின் தட்டில் போடுகிறேன்.
சீனி விழுமுன்
எனக்கொரு தம்ளர் எடுத்துவைக்கிறான்
கரக் டீக்காரன்.
இரவில்
நிறுத்திய ட்ரெய்லர்களைச் சுற்றி நடை.
சுற்றுக்கு நாற்பத்திரண்டு வண்டி,
ஆறு சுற்று.
சட்டையைப் பிழியலாம்.

இன்று நூற்றுப் பதினெட்டு.
"நேத்து வெள்ளிக்கிழமை.
மந்தி சாப்பிட்டிருப்பீங்க.
நெசத்தைச் சொல்லுங்க."

மீட்டரைக் கையில் பிடித்துப்
படமெடுத்து அனுப்பினேன்.
நெடுநேரம் பதிலில்லை.
பிறகு வந்தது:

"விரலெல்லாம் ஏன்
இப்படிக் கறுத்துக் கிடக்கு?"