பத்தாவது பாட்டைப் பற்றிக் கருத்து இல்லை

கூண்டு எண் எட்டு.
கடலூர்த் துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுவார்களே,
அதையே பேண்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.
நான்கு பேர்.
நான்கு பேருக்கும் அப்போது வேலை இல்லை.

முதல் ஆல்பம்
மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனிக்குள், செல்போனில் பதிந்தது.
மூன்றாம் பாட்டில் கரண்ட் போகிறது.
கிட்டார்கள் செத்துவிட
செலஸ்தேன் மட்டும் டிரம்ஸை விடாமல் அடிக்கிறான்
இருட்டுக்குள், பதினோரு விநாடி.
யாரோ சிரிக்கிறார்கள். யாரோ கதவில் முட்டிக்கொள்கிறார்கள்.
அந்தப் பதினோரு விநாடிக்கு
பத்துக்குப் பத்து.
மீதி ஆல்பத்துக்கு ஆறரை.

இரண்டாவது, சென்னையில்.
காசு கொட்டிய ஸ்டூடியோ.
ஜெனோவா உச்சிக்குப் போகும்போது
குரலில் ஒரு பிசிறு குத்தும், மத்தி முள் மாதிரி.
தேய்த்துக் கழுவிக்
கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.
முள்ளெடுத்த மீன்
பல் முளைக்காத பிள்ளைக்கு.
பத்துக்கு நான்கு.
ஃபிலோமினா கெஞ்சியதால் நாலரை.

நெல்லித்தோப்பு மருந்துக்கடையில்
நாங்கள் இருவரும் ஒரே கவுண்டர்.
காலி மாத்திரைப் பெட்டிகளின் உட்புறத்தில்
மதிப்பெண் எழுதிவைக்கிறேன்.
"எழுதி என்னடி கிழிக்கப்போற?"
ஒன்றுமில்லைதான்.
ஆனால் தப்பாகப் போட்ட அன்று
எனக்குத் தூக்கம் வராது.

பிறகு அந்தச் சனிக்கிழமை,
பழைய துறைமுகத்துக் கிடங்கு வாசலில்
இலவசக் கச்சேரி.
ஏழு என்று போட்டு எட்டேகாலுக்கு ஆரம்பித்தார்கள்.
(கழிக்க வேண்டியது: அரை மதிப்பெண்.)
ஜெனரேட்டர் புகை. கடற்காற்று
கிட்டாரின் மேல் சுரங்களைப் பிய்த்துத்
தேங்காய்த்திட்டுப் பக்கம் கொண்டுபோனது.
எங்களுக்கு மிஞ்சியது அடிவயிற்றுச் சத்தம்.
பேஸ் வாசிக்கிற இருதயராஜ்
முதுகைக் காட்டிக்கொண்டே வாசித்தான்,
அவன் அப்பா முன்வரிசையில் இருந்தாராம்.
இரண்டாம் ஆல்பத்துப் பாட்டுகளை
முள்ளோடு பாடினாள் ஜெனோவா.
நாலரையை அங்கேயே அடித்துவிட்டு
உள்ளங்கையில் எட்டு என்று எழுதினேன்.
வியர்வையில் அது மூன்றாகிப்போனது.

ஒன்பது பாட்டு முடிந்தது.
"இன்னும் ஒண்ணு இருக்கு, புதுசு" என்றாள்.
பாகூர் வழியாகத் தூக்கணாம்பாக்கம் போகும் வண்டி
ஒன்பதே முக்காலுக்கு.
அதை விட்டால் அண்ணனுக்கு போன் செய்யவேண்டும்;
அண்ணனுக்கு போன் செய்தால்
அடுத்த கச்சேரி இல்லை.

ஆட்டோ உப்பளம் தாண்டும்வரை
டிரம்ஸ் மட்டும் கூட வந்தது.
அப்புறம் அதுவும் இறங்கிக்கொண்டது.
ஜன்னலோரம் எனக்கு, சாய்ந்து தூங்க என் தோள் ஃபிலோமினாவுக்கு.
மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம்
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
அது எந்த சுருதியில் தொடங்கியிருக்கும் என்று யோசித்தேன்.

மூன்றாவது ஆல்பம் போன மாதம் வந்தது.
அந்த இரவையே பதிந்து போட்டிருக்கிறார்கள்.
ஜெனரேட்டர் இருக்கிறது. காற்று இருக்கிறது.
ஒன்பதாம் பாட்டு ஓய்ந்து
கைத்தட்டல் அடங்குகிற இடத்தில்,
இடதுபக்க ஸ்பீக்கரில், தெளிவாக,
"ஏய் வேதவல்லி, வண்டி போயிடும்டீ!"

நான்கு முறை திருப்பிப் போட்டேன்.
என் பெயர் இருக்கிறது அந்த ஆல்பத்தில்,
நான் எழுந்து போகிற இடத்தில்.
அடுத்த விநாடி செலஸ்தேன் குச்சியைத் தட்டி எண்ணுகிறான்:
ஒன்று, இரண்டு,
நான் நிறுத்திவிடுகிறேன்.

ஃபிலோமினா சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள்.
நான் பின்னறையில் ஃபிரிட்ஜைத் திறந்து
இன்சுலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
அது உறுமுகிறவரை எதுவும் காதில் விழாது.

ஒன்பது பாட்டுக்கும் சேர்த்து எட்டேமுக்கால்.
பத்தாவதற்கு நேரே ஒரு கோடு.
ஃபிலோமினா ஏழு போட்டிருக்கிறாள்.
அவளுக்கு எதைக் கேட்டாலும் ஏழுதான்.