மூன்று வீதம்

பரந்தன் அரிசி ஆலையில்
ஒரு உரப்பை உமி வாங்கினேன். காசு வேண்டவில்லை.
"கோழிக்கோ மிஸ்?" என்றான் மூட்டை கட்டியவன்.
ஓம் என்றேன்.
பிளாற்றினத்துக்கு என்றால்
விலை சொல்லியிருப்பான்.

அமிலத்தில் அவித்துக் கழுவி எரித்தால்
உமி வெள்ளை மணலாய் மிஞ்சும்.
அதன் துளைகளுக்குள் உலோக உப்பை ஊறவைத்தேன்,
ஆய்வுகூடத்தின் மொத்தக் கையிருப்பு,
ஒரு சிட்டிகை.
அந்தத் துகள்களை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.
அவற்றைப் படம் பிடிக்கும் நுணுக்குக்காட்டி
கடல் கடந்து எங்கோ இருக்கிறது.
அழுத்தமானியின் முள் இறங்கினால்
உள்ளே யாரோ ஐதரசன் குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

வேலை சின்னது.
ஒரு பென்சீன் வளையம்.
ஒரு முனையில் குளோரின்,
எதிர்முனையில் நைத்திரசன்
இரண்டு ஒட்சிசனை இடுக்கிக்கொண்டு.
ஒட்சிசன் இரண்டும் நீராகிப் போக வேண்டும்,
நைத்திரசன் ஐதரசன் உடுத்த வேண்டும்,
குளோரினுக்குத் தெரியக்கூடாது.
தொட்டிலில் பிள்ளை உறங்க
அதே அறையின் கதவைக் கழற்றி
வேறு கதவு பூட்டுவதுபோல.

சித்திரையில் பல்லேடியம் போட்டோம்.
அது பிள்ளையையும் எழுப்பியது.
கலத்தைத் திறக்க அமிலம் மூக்கில் அடித்தது,
நீலத் தாள் சிவந்தது,
வளையங்களில் பாதி மொட்டை.
காண்டீபன் கொப்பியில் எழுதினான்:
"எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டுது."
அடித்துவிட்டு முறைப்படி எழுதச் சொன்னேன்.
இப்போது யோசித்தால்
அவன் எழுதியதுதான் முறை.

ஆவணியில் ஒரு இரவு
அறிவியல்நகர் முழுக்க மின்சாரம் நின்றது.
உலை அரைச்சூட்டில் ஆறிப்போனது.
கொட்டவா என்றான். நிறுத்து வை என்றேன்,
பிளாற்றினத்தைக் கொட்ட மனம் வராமல்.
அந்த அரைவேக்காட்டுத் தூள்தான்
கடைசியில் கதவை மட்டும் மாற்றியது.
தொண்ணூற்றேழு. திரும்பவும் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு.
ஏன் என்று கேட்டால் ஒரு ஊகம் உண்டு.
நிரூபிக்க உப்பு மிச்சமில்லை.

முறிகண்டியில் நானிருக்கும் வீட்டின்
மற்ற அறை சுபாங்கினியுடையது.
மாங்குளத்துக்கு அங்கால் ஒரு காட்டுத்துண்டில்
காலை ஆறு மணியிலிருந்து முழங்காலில் நிற்கிறாள்,
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கும் நிலம்.
தலைக்கவசம் நெற்றியில் பதித்த கோட்டோடு வந்து
இரண்டு பனடோல் உடைத்தாள்.
இந்தக் குளிசையும் ஒருகாலம்
நைத்திரோ வளையமாய் இருந்திருக்கும் என்றேன்.
"அப்ப நான் கிண்டுறது?"
"அதுவும்தான். ஆனா மூண்டு நைத்திரோ."
குளிசையைப் பார்த்தாள்.
பிறகு விழுங்கினாள்.

"உங்கட சாமான் மண்ணுக்கை வேலை செய்யுமோ?"
"இல்லை. இது போத்தலுக்கை மட்டும்."
"எத்தினை வீதம்?"
சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.
"எங்களுக்குக் காணாது."
கோபமில்லை. கறிக்கு உப்புக் காணாது
என்று சொல்கிற அதே குரல்.

நிறப்பதிவுத் தாளை விரித்துக் காட்டினேன்.
நடுவே ஒரு நெட்டைச் சிகரம்.
அதை அவள் பார்க்கவேயில்லை.
பக்கத்தில், அச்சு பிசகினதுபோல் ஒரு சின்ன வீக்கம்,
நேரே அதில் விரலை வைத்தாள்.
"இது?"
"கை தவறினது. குளோரின் போன வளையங்கள்."
"எத்தினை?"
மூன்று வீதத்தை எண்ணாக்கிப் பார்த்தேன்,
ஒரு துளியில்கூட
சைபர்கள் வரிசை முடியவில்லை.
"கனக்க," என்றேன்.
தலையாட்டினாள், தெரிந்த ஆளைப்பற்றிக் கேட்டவள்போல.

விடிய ஐந்தரைக்கு அவளுடைய வாகனம் ஹோர்ன் அடித்துப் போனது.
மேசையில் தாள்.
சிறுவீக்கத்தின் மேல் செம்மண் விரலடையாளம்.
பேராசிரியருக்கு அனுப்பவேண்டிய பிரதி அது.
ஈரத்துணியால் துடைத்தேன்.
பரவி
சிகரத்தின் அடிவரை போனது.