பல் பார்த்தல்

கண்ணபுரத்துச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பார்கள்.
விலையைத் துண்டுக்குள் விரல்கள் பேசும்.
உக்கடத்தில், தகரக் கூரைக்குக் கீழே,
நான் பல் பார்ப்பது கிரவுன் பினியனுக்கு.
விலையைக் கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டுவேன்.

நாற்பத்தொன்றுக்கு எட்டு.
தட்டில் நாற்பத்தொன்று, தண்டில் எட்டு.
தொட்ட பல்லை மறுபடி தொட
தட்டு எட்டுச் சுற்று வர வேண்டும்.
அதற்குள் தண்டின் எல்லாப் பல்லோடும்
ஒரு முறை உரசியாகிவிடும்.
தட்டு மட்டும் போதும் என்று வருகிறவனை
ஒற்றைச் செருப்பு எங்கே விற்கிறார்கள்
என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

ஆடிக் காற்றில் கூரை அடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை
சென்னிமலையிலிருந்து ரங்கதுரை வந்தான்.
பழைய ஜிப்சி.
பின்சீட்டைப் பிடுங்கிவிட்டுக் கம்பிக்கூண்டு கட்டியிருந்தான்.
கதவில் போன பந்தயத்தின் எண், பாதி உரிந்து.

"ஏனுங்க்கா, சத்தம் வருமா?"

நீல மையைப் பல்லில் தடவி
கையால் உருட்டிக் காட்டினேன்.
இழுக்கிற முகத்தில்
நட்ட நடுவே மை விலகி
பத்திரத்தில் வைத்த கைநாட்டுப் போல ஒரு தடம்.
மறுமுகத்தில் தடம் ஓரத்துக்கு ஓடியிருந்தது,
அம்மைத் தழும்பாய்ச் சிறு குழிகள்.

"இழுக்கறப்ப வாயே தொறக்காது.
ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கனா
ஊளையிடும்."

கெட்டி எண்ணெயில் ஒரு கை மரத்தூள் போட்டால்
நூறு மைலுக்கு ஊமையாகக் கிடக்கும்.
அந்த வித்தை எனக்கும் தெரியும்.
ஐயாயிரம் கூடுதலாய்க் கிடைக்கும்.
அந்தக் காசில் வாங்கிய எதுவும்
இந்தத் தெருவில் யாரிடமும் நின்றதில்லை.

அவன் சிரித்தான்.
"காலை எடுத்தாத்தானுங்க்கா?
நான் எடுக்கவே மாட்டனே."

பதினெட்டரை என்றேன்.
பதினஞ்சு என்றான்.
பதினாறே முக்காலுக்கு முடிந்தது.
எண்ணெய் டப்பா ஒன்றை அவனே எடுத்துக்கொண்டான்.

மாசியில் திரும்ப வந்தான்.
சென்னிமலைப் போர்வையில் சுற்றி
இரண்டையும் மேசைமேல் வைத்தான்,
போர்வை மட்டும் புத்தம் புதிது.

இழுக்கிற முகம் நான் கொடுத்தபடியே,
இன்னும் கொஞ்சம் பளபளப்பாக.
திருப்பினேன்.
மறுமுகத்தில், ஒரே ஒரு பல்லில்,
அடிவேரோடு ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது.
நாள்பட்ட தேய்மானம் இப்படி இருக்காது.
இது ஒரு நொடி.

"எடுத்திருக்கீங்க" என்றேன்.

எதிர்க்கடையில் லாரி ஸ்பிரிங் இறக்குவதையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
"முன்னால போன வண்டி கவுந்து கெடந்துச்சுங்க்கா,
செட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம், மண்ரோட்டுல."
"தெரிஞ்சவங்களா?"
"இல்லீங்க. பேரு கூடத் தெரியாது.
எனக்கு ரெண்டு நிமிசம் முந்திக் கிளம்புனவன்."
கொஞ்சம் கழித்து,
"அன்னிக்கு நான்தானுங்க்கா முன்னாடி இருந்தேன், நேரக்கணக்குல."

பல் போன ஜோடிக்கு என் தொழிலில் பேர் கிடையாது.
தராசில் வைத்தேன்.
ஒன்பது கிலோ, கிலோ முப்பத்தெட்டு,
முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.
இரண்டு ரூபாய்ச் சில்லறையையும் தேடிக் கொடுத்தேன்.
பாவம் பார்த்துக் கூட்டிக் கொடுத்தால்
அடுத்தவன் தலையில்தான் அது விழும்.

போவான் என்று நினைத்தேன்.
போர்வையை மடித்துக்கொண்டே கேட்டான்:
"வேற ஜோடி வந்துருக்குதுங்களா?"

வந்திருந்தது. முந்தின வாரம்தான்,
ஊட்டி ரோட்டில் நிதானமாக ஓடிய வண்டியிலிருந்து.
மையைத் தொட்டு
இழுக்கிற முகத்தில் தடவப் போனேன்.
அவன் கை நீட்டித் தடுத்தான்.
"மொதல்ல அந்தப் பக்கம் பாருங்க்கா."

உருட்டினேன்.
தடம் நடுவில் இருந்தது, இரண்டு முகத்திலும்.
குனிந்து வெகுநேரம் பார்த்தான்,
நகத்தால் ஒவ்வொரு பல்லாக வருடி.
ஆறாவதிலோ ஏழாவதிலோ எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இருபத்துநாலாயிரம் என்று அடித்துக் காட்டினேன்.
பேரம் பேசாமல் பணத்தை எடுத்தான்.
இந்த ஊரில் பேரம் பேசாதவனிடம் வாங்கிய காசு
இராத்திரி தூங்க விடாது.

ஐந்நூறு ரூபாயை
நானே திருப்பித் தந்தேன்.